பிறர் எழுதிய கணக்கும் நாம் எழுதும் கணக்கும்

வரி என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் நம்மவர் முகம் சுருங்குவது வழக்கம். மாதச் சம்பளம் பெறுவோராவது, கம்பெனியார் பிடித்துக்கொள்ளும் தொகையைச் சம்பளச் சீட்டில் பார்த்துப் பெருமூச்சு விட்டு அமைதியடைகின்றனர். சில்லறை வேலை செய்து பொருளீட்டுவோர் நிலை வேறு. பிரிக்பீல்ட்ஸ் வீதியில் மாலை கட்டி விற்கும் அம்மையார், கிள்ளானில் வேலை முடிந்த பின் இரவில் வாடகைக் கார் ஓட்டும் இளைஞர், சனி ஞாயிறுகளில் கலியாண வீடுகளுக்குச் சமையல் எடுத்துச் செய்பவர், உறுமி மேளம் அடிப்பவர், வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியை, அண்டை அயலார்க்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் சகோதரி ஆகிய இவர்களுள் எவரைக் கேட்டாலும் ஒரே விடைதான் வருகின்றது: "இது சம்பளமா என்ன? சில்லறைக் காசுதானே! இதற்குமா கணக்கு?"

இவ்விடையில் ஓரளவு அறியாமையும் ஓரளவு அச்சமும் கலந்திருக்கின்றன. அறியாமையைச் சட்டம் தெரிந்த எவரும் அரை நாழிகையில் போக்கிவிடலாம். அச்சம் அவ்வாறு எளிதில் போவதன்று. அது பாட்டன் பூட்டன் காலந்தொட்டு நம் இரத்தத்தில் ஊறிவந்த அச்சம். அது எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தாலன்றி, இன்று அதற்கு இடமுண்டா இல்லையா என்று முடிவு கட்ட இயலாது. ஆதலின் நாம் சற்றுப் பழங்கதையிலிருந்தே தொடங்குகின்றோம்.

தொழிலுக்கும் பிறப்புக்கும் விதித்த வரி

நம் நாட்டு மன்னர் ஆட்சியின் பெருமை பேசுவோர் கோபுரங்களைக் காட்டுவர்; அக்கோபுரங்களை எழுப்பிய பொருள் எவர் கையிலிருந்து வந்தது என்பதைக் காட்டுவோர் சிலரே. பல்லவர் செப்பேடுகளையும் சோழர் கல்வெட்டுகளையும் புரட்டிப் பார்ப்போருக்கு அங்கே ஒரு நீண்ட பட்டியல் தென்படும். நெய்பவனுக்குத் தறி இறை, எண்ணெய் ஆட்டுபவனுக்குச் செக்கிறை, குயவனுக்குக் குசக்காணம், தட்டானுக்குத் தட்டார்ப்பாட்டம், வண்ணானுக்கு வண்ணாரப்பாறை, கள்ளிறக்குபவனுக்கு ஈழம்பூட்சி, கலியாணம் செய்வோருக்குக் கண்ணாலக்காணம் என்று தொழிலுக்கொரு பெயர் வைத்து வரி வாங்கினர். 

இவ்வரிகளில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவை பெரும்பாலும் ஒருவன் எவ்வளவு சம்பாதித்தான் என்று கேட்கவில்லை. நீ யார், உன் வீட்டில் என்ன கருவி இருக்கின்றது என்றே கேட்டன. தறி இருந்தால் வரி. அத்தறியில் அவ்வாண்டு துணி ஓடிற்றா, விற்றதா, நூல் விலை போக என்ன மிஞ்சிற்று என்பன கணக்கில் வாரா. தொழிலோ பிறப்போடு ஒட்டியது. எனவே வரியும் பிறப்போடு ஒட்டியதாயிற்று.

மக்கள் இதனை எக்காலத்தும் வாய்மூடிப் பொறுத்திருந்தனர் என்று எண்ணுதல் தவறு. விஜயநகர ஆட்சியில், 1429ஆம் ஆண்டு, காவிரி நாட்டில் வலங்கை இடங்கை என்று பிரிந்து தம்முள் ஓயாது பூசலிட்டவர்களே ஒன்றுகூடி, அதிகாரிகளும் நிலவுடையோரும் கேட்கும் நியாயமற்ற வரிகளைத் தருவதில்லை என்று தீர்மானித்துக் கோயிற் சுவர்களில் அதனைப் பொறித்து வைத்தனர். கொறுக்கை முதலிய ஊர்க் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. சாதிச் சண்டையை மறக்கச் செய்யும் அளவுக்கு அந்த வரி கொடிதாயிருந்தது என்பதை நம் வாசகர் ஊன்றி நினைத்தல் வேண்டும்.

திருவிதாங்கூரிலோ, நாடார் ஈழவர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்கள் தலைக்கு இவ்வளவு என்று வரி செலுத்த வேண்டியிருந்தது. உயிரோடிருப்பதற்கே வரி! அது 19ஆம் நூற்றாண்டில்தான் ஒழிந்தது. ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்திலும், தறிக்கும் செக்குக்கும் கடைக்கும் கைத்தொழிலுக்கும் 'மோதர்பா' என்ற பெயரால் வரி வாங்கும் பழைய முறை அந்நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது.

1860ஆம் ஆண்டு, 1857 கிளர்ச்சியால் கஜானா காலியான இந்திய சர்க்காருக்கு வழி தேடித் தர வந்த ஜேம்ஸ் வில்சன் என்பார் வருமான வரியைக் கொணர்ந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானத்துக்கு வரியில்லை. 200 முதல் 500 வரை நூற்றுக்கு 2. அதற்கு மேல் நூற்றுக்கு 4. சென்னைக் கவர்னராயிருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இதனை வெளிப்படையாக எதிர்த்துத் தம் கருத்தைப் பத்திரிகைகளிலும் வெளிவரச் செய்தார். அதற்காகவே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். அவ்வரியில் குறைகள் பல இருந்தன. எனினும் ஒரு புதுமை அதிலிருந்தது. 'நீ யார்' என்று கேட்டு வந்த வரி, 'உனக்கு என்ன வந்தது' என்று கேட்கத் தொடங்கியது. அன்றியும், ஒரு வரம்புக்குக் கீழே இருப்பவனை விட்டுவிடவும் அது ஒப்புக்கொண்டது. இவ்வேற்றுமையே இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படை.

கிராணியின் செக்ரோல்

கடல் கடந்து மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் கதைக்கு இனி வருவோம். 1886ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அண்மையிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் பாதை திறக்கப்பட்டது. அப்பாதையிலும் அதன் பின் போடப்பட்ட பாதைகளிலும் உழைத்தவர் பெரும்பாலோர் தமிழர். காப்பித்தான் யாப் குவான் செங்கின் செங்கற் சூளைகளோடு சேர்த்துப் பேசப்படும் பிரிக்பீல்ட்ஸ், நாளடைவில் இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பாயிற்று. 1901இல் திறக்கப்பட்டு, 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மூட்டை சுமந்தவர் பலர் நம்மவரே. சுற்றிலும் காடழித்த இடமெல்லாம் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன.

தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு. கங்காணி ஆள் எண்ணுவார். கிராணி செக்ரோலில் பெயர் எழுதுவார். அன்றைய உழைப்புக்கு முழுப் பெயரா அரைப் பெயரா என்பது அவர் பேனா முனையில் தொங்கியது. எத்தனை ஆள் வேலைக்கு இறங்கினரோ அத்தனைக்குக் கங்காணிக்குத் தலைக்காசு. ஆள் அறியாமலே அவன் தலை பிறர் வரவுக் கணக்கில் ஏறிற்று. கடைப் பற்று, முன்பணம், அபராதம் என்று பிடித்தது போக மீதியை மேசையில் வைப்பர். தொழிலாளி பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு போவான். தன் வாழ்க்கைக் கணக்கு முழுவதும் பிறர் எழுத, அதன் கீழே கைநாட்டு மட்டும் வைத்த மக்கள் நாம். இது கசப்பான உண்மை, மறைப்பதில் பயனில்லை.

தோட்டத்துக்கு வெளியிலும் உள்ளும் சில்லறை வருமானம் அன்றும் இருந்தது. இரயில்வே வீடுகளின் பின்புறத்தில் மாடு வளர்த்துப் பால் விற்றனர். பெண்கள் முறுக்குச் சுட்டும் அப்பம் சுட்டும் விற்றனர். பால் மரம் சீவி முடித்த பிற்பகலில் புல் வெட்டிப் போட்டுக் காசு பெற்றனர். இவ்வருமானம் எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை. கிராணியின் கண்ணுக்குத் தெரியாத காசு என்பதாலேயே அது இனிப்பாயிருந்தது. கணக்கில் ஏறினால் பறிபோகும், ஏறாதிருந்தால் நம்முடையது என்னும் பாடத்தை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்தது. அக்காலத்தில் அது மூடத்தனம் அன்று, தற்காப்பு.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டதோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டுமென்ற வழக்கத்தையும் ஒழிக்கக் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டனர். துப்பாக்கியால் அதற்கு விடை தரப்பட்டது, உயிர்கள் மாண்டன, நாதன் நாடு கடத்தப்பட்டார். கூலியும் மானமும் வேறு வேறல்ல என்பதை நம் தோட்டத் தொழிலாளர் அன்றே அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1947: எதிர்த்தவர் எவர்?

மலாயாவில் வருமானத்தின் மீது வரி என்பது முதலில் போர்க்கால விருந்தாளியாகவே வந்தது. நீரிணைக் குடியேற்ற நாடுகளில் 1917இல் போர் வரி விதித்தனர்; போருக்குப் பின் அது மறைந்தது. 1941இல் மறுபடியும் விதித்தனர். ஜப்பானியர் படையெடுப்பில் அதுவும் போயிற்று. அப்படியாயின் இடைப்பட்ட காலத்தில் சர்க்காரின் செலவை எவர் தாங்கினர்? ரப்பர், ஈய ஏற்றுமதித் தீர்வை ஒருபுறமிருக்க, அபின், மது, புகையிலை ஆகியவற்றின் மீதான தீர்வைகள் பெரும்பங்கு அளித்தன. அதாவது, இலாபம் பெற்ற முதலாளியின் வருமானம் தொடப்படாதிருக்க, களைப்பை மறக்கச் சுருட்டும் கள்ளும் நாடிய கூலியின் காசு கஜானாவுக்குப் போயிற்று. வரியே கட்டவில்லை என்று எண்ணியிருந்த ஏழை, தன் சக்திக்கு மீறிக் கட்டிக்கொண்டிருந்தான்.

போர் முடிந்து நாடு பாழ்பட்டுக் கிடந்தபோது, ஹீஸ்மன் என்ற அதிகாரியின் அறிக்கையை ஒட்டி 1947ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் பிறந்தது. 1948 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. குடியேற்ற நாடுகளுக்கென 1922இல் வகுக்கப்பட்ட மாதிரிச் சட்டமே இதற்கு அச்சு. இதனை வன்மையாக எதிர்த்தவர் எவர்? தோட்டத் தொழிலாளரா? மாடு மேய்த்தவரா? அல்லர். வர்த்தக சங்கங்களின் கனவான்களே எதிர்த்தனர். 'வியாபாரம் அழிந்துவிடும், முதல் நாட்டை விட்டு ஓடிவிடும், கணக்கு வைக்கும் பழக்கமில்லாத நாட்டில் இது ஒவ்வாது' என்பன அவர்தம் வாதங்கள். வருமான வரிக்கு அஞ்ச வேண்டியவர் எவரென்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். நாம்தாம் அறியாமல், அவர்களுடைய அச்சத்தை இரவல் வாங்கி வைத்திருக்கின்றோம்.

காகிதமில்லாதவர் கதி

'வரி இல்லாதபோது கணக்கு எதற்கு? காகிதம் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். இதற்கு நம் சரித்திரமே ஒரு கொடிய விடையைத் தந்திருக்கின்றது.

1948க்குப் பின்னும், 1957இல் சுதந்திரம் வந்த பின்னும், பிரஜா உரிமைக்கு மனுச் செய்யும் வாய்ப்பு நம்மவர்க்கு இருந்தது. 'பெயர் பதிந்துகொள்ளுங்கள்' என்று அறிஞர்கள் கூவினர். சிங்கையிலே தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இதனையே தம் தலையாய பணிகளுள் ஒன்றாகக் கொண்டார். எனினும் தோட்டங்களில் பலர் பதியவில்லை. படிவம் நிரப்பத் தெரியாமை ஒரு காரணம். 'பெயர் கொடுத்தால் என்ன வருமோ' என்ற அச்சம் மற்றொன்று. 'இங்கேயே பிறந்து இங்கேயே உழைக்கின்ற நமக்குக் காகிதம் எதற்கு' என்ற மெத்தனம் இன்னொன்று. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜை அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டுமென்று விதித்தது. 1969இல் அது அமலாயிற்று. காகிதமில்லாத பல்லாயிரவர் ஒரே நாளில் அந்நியராயினர். ரப்பர் மரத்தோடு மரமாய் நின்று முதுமையடைந்தவர்கள், முகமறியாத ஊருக்குக் கப்பலேறினர். உழைத்ததற்குக் கையில் காய்ப்பு இருந்தது. காட்டுவதற்குக் காகிதம் இல்லை.

அதன் பின் தோட்டங்களும் நகரங்களாயின. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாயிருந்த பங்சாரின் பெயரே தோட்டத்துக் கம்பெனியின் பெயரிலிருந்து திரிந்தது. சீபீல்டு தோட்டம் 1970களின் நடுவில் சுபாங் ஜெயா நகராக மாறத் தொடங்கியது. செக்ரோலிலிருந்து பெயர் நீங்கிய மக்கள் அடுக்குமாடி வீடுகளில் ஏறினர். லாரி ஓட்டுதல், பாதுகாவல், துப்புரவு, சிறு கடை, இரவுச் சந்தை, இப்பொழுது கைப்பேசி வழியே ஆள் ஏற்றுதலும் உணவு கொண்டுசெல்லுதலும் என்று சில்லறைத் தொழில்கள் பெருகின. கிராணி போய்விட்டார், அவரிடத்தில் எவரும் நம் கணக்கை எழுத வரவில்லை. நாமும் எழுதவில்லை.

2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் இதன் விளைவு தெரிந்தது. குறுந்தொழில் செய்வோருக்கு 3,000 வெள்ளி சிறப்பு உதவி அறிவிக்கப்பட்டபோது, விண்ணப்பம் உள்நாட்டு வருமான வாரியத்தின் வழியாகவே சென்றது. தொழில் செய்வதற்கான பதிவு கேட்கப்பட்டது. ஆண்டாண்டாய்ப் பலகாரம் விற்றவரும் மேளம் அடித்தவரும், 'நான் தொழில் செய்தேன்' என்பதை எதனைக் கொண்டு நாட்டுவர்? வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்பதும், விபத்தில் கை கால் இழந்தவனுக்கு இழப்பைக் கணக்கிட வழக்கறிஞர் கேட்பதும் இதே காகிதந்தான். மறைத்த வருமானத்தால் மிச்சமாகும் வரி பெரும்பாலும் பூஜ்யம். இழக்கும் நன்மையோ பெரிது. இதனை இலக்கத்தாலேயே காட்டுவோம்.

சட்டம் சொல்வது

இன்று நடப்பிலிருப்பது 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். 1968 ஜனவரி முதல் அமலில் உள்ளது. அதன் 4ஆம் பிரிவு வருமானத்தை வகைப்படுத்துகையில், தொழிலால் வரும் ஆதாயத்தை முதலில் வைத்து, அத்தொழிலை எவ்வளவு காலம் நடத்தினாலும் சரியே என்று சேர்த்துச் சொல்கின்றது. எனவே, 'நான் தொழிலதிபன் அல்லன், விடுமுறையில் மட்டும் செய்கின்றேன்' என்பது விலக்காகாது. எந்த வகையிலும் அடங்காத ஆதாயத்துக்கும் அப்பிரிவின் கடைசியில் இடம் வைத்திருக்கின்றனர். ரொக்கமாகக் கைமாறியதென்பதால் வருமானம் வருமானமன்றிப் போவதில்லை.

சம்பளம் மட்டும் உடையோர் 'பிஇ' பாரத்தை ஏப்ரல் 30க்குள் அனுப்புகின்றனர். சொந்தத் தொழில் வருமானம் உடையோர், உடன் சம்பளம் இருப்பினும், 'பி' பாரத்தை ஜூன் 30க்குள் அனுப்ப வேண்டும். பலர் செய்யும் தவறு, பழைய வழக்கப்படி 'பிஇ' பாரத்திலேயே சம்பளத்தை மட்டும் எழுதிவிட்டுச் சில்லறையை விட்டுவிடுவது. அது மறதியாயினும் சட்டத்தின் கண்ணில் தவறான கணக்கே.

இனிச் செலவு. மொத்த வரவுக்கு வரியில்லை; அவ்வரவை ஈட்டுவதற்கென்றே முழுதும் செய்த செலவைக் கழித்தது போக மீதிக்கே வரி. பழைய தறி இறைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை வாசகர் இங்கே காணலாம். பூவும் நாரும் வாங்கிய காசு, வாடகைக்கு ஓட்டிய நேரத்துப் பெட்ரோல், கம்பெனிக்குக் கொடுத்த கமிஷன், உதவியாளுக்குக் கொடுத்த கூலி ஆகியன கழியும். வீட்டு மளிகையும் பிள்ளையின் பள்ளிச் சட்டையும் கழியா. வண்டி வீட்டுக்கும் தொழிலுக்கும் பொதுவாயின், தொழிலுக்குரிய பங்கே கழியும். இரசீதுகளையும் கணக்கையும் 7 ஆண்டு வைத்திருத்தல் வேண்டும். இதற்குக் கணக்கர் தேவையில்லை. பள்ளிக்கூட நோட்டு ஒன்று, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, நாள்தோறும் இரண்டு வரி எழுதினால் போதும்.

ஓர் உதாரணம் கொள்வோம். முழுநேரமும் வாடகைக் கார் ஓட்டும் ஒருவருக்கு ஆண்டு வரவு 26,400 வெள்ளி. தொழிற்செலவு 9,600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மீதி 16,800. தனிநபர் கழிவு 9,000 போக, வரிக்குரியது 7,800. 2024 மதிப்பீட்டு ஆண்டின் விகிதப்படி முதல் 5,000க்கு வரியில்லை. அடுத்த 2,800க்கு நூற்றுக்கு 1 வீதம் 28 வெள்ளி. வரிக்குரிய தொகை 35,000க்கு மேற்படாதவர்க்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. ஆக, கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

மற்றொன்று. ஆண்டுச் சம்பளம் 30,000 வெள்ளி பெறும் ஒரு சகோதரி, மாலை கட்டி விற்றுச் செலவு போக 4,800 வெள்ளி ஈட்டுகின்றார். மொத்தம் 34,800. தனிநபர் கழிவு 9,000. சேமநிதிக்குச் செலுத்திய 3,300. இவை போக 22,500. அதற்கு வரி 225 வெள்ளி, தள்ளுபடியோ 400. இவருக்கும் கட்ட வேண்டியது பூஜ்யமே. இந்தப் பூஜ்யத்துக்கு அஞ்சித்தான் இவர் ஆண்டுதோறும் உண்மையை மறைக்கின்றார்!

அதற்கு மேல் ஈட்டுவோர் வரி கட்டத்தான் வேண்டும். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் மறைப்பதன் விலை அதனினும் பெரிது. பாரமே அனுப்பாதவர்க்கு 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதமும், 6 மாதம் வரை சிறையும், அல்லது இரண்டும் நேரலாம். தவறான கணக்குக் கொடுத்தவர்க்கு 1,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதத்தோடு, குறைத்துக் காட்டிய வரியின் இருமடங்கு. இன்று வாடகைக் கார்க் கம்பெனியின் பேரேட்டிலும் வங்கியின் பேரேட்டிலும் நம் வரவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றது. கிராணி மறைந்தார், அவர் செக்ரோல் மறையவில்லை. அதில் நம் வரவு மட்டுமே உண்டு. நம் செலவை எழுத நம்மைத் தவிர எவருமில்லை.

பெண்டிர்க்கு ஒரு சொல்

இச்சட்டத்தின் சரித்திரத்தில் பெண்மக்கள் மறக்கலாகாத ஓர் ஆண்டு 1991. அதற்கு முன் நெடுங்காலம், மனைவியின் வருமானம் கணவனுடைய வருமானத்தோடு சேர்த்து எண்ணப்படுவதே பொது விதியாயிருந்தது. அவள் ஈட்டுவாள், கணக்கு அவன் பெயரில். 1991 மதிப்பீட்டு ஆண்டு முதல் மணமான பெண்ணின் வருமானம் தனியே அவள் பெயரில் மதிப்பிடப்படுகின்றது. மேடைகளில் பெண்ணுரிமை பேசுவோர், தையல் காசையும் பலகாரக் காசையும் கணவன் சட்டைப்பைக்கு அனுப்பிவிட்டு, 'நான் வீட்டில் சும்மா இருக்கின்றேன்' என்று சொல்லும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். சும்மா இருந்தவள் ஆண்டுக்கு 10,000 வெள்ளி ஈட்டியது எங்ஙனம்? தன் உழைப்பைத் தன் பெயரில் எழுதுவதே பெண்ணின் சுயமரியாதைக்கு முதற்படி என்பது நமது துணிபு.

ஓர் ஆக்ஷேபம்

'கோடி கோடியாய் ஏய்ப்பவர் சுகமாயிருக்க, ஏழையை மட்டும் யோக்கியனாயிருக்கச் சொல்கின்றீரே' என்று சினங்கொள்வோர் உண்டு. அச்சினம் நியாயமானதே. ஆனால் அதன் முடிவு தவறு. பெரியவர் ஏய்ப்பதைத் தட்டிக் கேட்கும் வாய், தன் கணக்கைத் திறந்து வைத்தவனுடைய வாயாக இருந்தால்தான் எடுபடும். நம் கணக்கில் ஓட்டையிருப்பின், அவ்வாய்க்கு நாமே பூட்டுப் போட்டவராவோம். பள்ளி, மருத்துவமனை, சாலை ஆகியவற்றில் நமக்குரிய பங்கு வந்து சேரவில்லை என்று உரத்துக் கேட்கும் உரிமை கணக்குக் கொடுத்தவனுக்கு இரட்டிப்பாகின்றது.

சர்க்காருக்கும் ஒரு கடமையுண்டு. சில்லறைத் தொழிலாளருக்கென 2017இல் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 2025இல் கிக் தொழிலாளர் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. இவை வரவேற்கத்தக்கன. எனினும், மலாயும் ஆங்கிலமும் தடுமாற்றமாயுள்ள முதியவர் ஒருவர் தம் பாரத்தைத் தாமே நிரப்பக்கூடிய வகையில் தமிழிலும் விளக்கம் கிடைத்தல் வேண்டும். அதுவரை காத்திராமல், நம் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் மே, ஜூன் மாதங்களில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கலாம். படித்த பிள்ளை ஒருவர், மேசை ஒன்று, கணினி ஒன்று இருந்தால் போதும். ஒரு நாள் பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

2004ஆம் ஆண்டு முதல் தனிமனிதர்க்கு இந்நாட்டில் சுயமதிப்பீட்டு முறை நடந்துவருகின்றது. முன்பு அதிகாரி மதிப்பிட்டு இவ்வளவு என்று எழுதி அனுப்புவார். இப்பொழுது நாமே எண்ணி, நாமே எழுதி, நாமே கையொப்பமிடுகின்றோம். தறிக்கு வரி விதித்த அரசன் நம்மைக் கேட்டு எழுதவில்லை. தலைக்காசு வாங்கிய கங்காணியும் கேட்டு எழுதவில்லை. கிராணியின் பேரேட்டுக்கு நம் பெருவிரல் மட்டுமே வேண்டியிருந்தது. தலைமுறை பலவற்றுக்குப் பின் பேனா நம் கைக்கு வந்திருக்கின்றது. அதனைக் கீழே வைத்துவிட்டு, 'இது சில்லறைதானே' என்று எழுந்து போவது, பெருவிரலை மறுபடியும் மையில் தோய்ப்பதற்கு ஒப்பாகும்.

சில்லறை வேலை இழிவன்று. அதன் வருமானமும் இழிவன்று. இழிவல்லாததை மறைப்பானேன்? நாளைக் காலையே ஒரு நோட்டு வாங்குங்கள். முதற் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதன் கீழ் இன்று வந்ததையும் இன்று போனதையும் எழுதுங்கள். மற்றவை தாமே வந்து சேரும்.